‘ஸ்காலர்ஷிப் லிஸ்ட்டுல பேர் இருக்கவங்க எந்திரிங்க’: இன்ஜினியரிங் காலேஜ்ல உங்களுக்கு நடந்தது என்ன?

அரியலூர்க்காரன் (சிவில், 2011–15)
நானே ஆரம்பிக்கிறேன். கட்-ஆஃப் 200க்கு 178. எங்க அரசுப் பள்ளியில அந்த வருஷம் அதுதான் அதிகம். நுழைவுத் தேர்வை 2007லேயே ரத்து பண்ணிட்டதாலதான் கிண்டி கவுன்சிலிங் வரைக்கும் வந்தேன். கோச்சிங் சென்டர் இருந்த டவுனுக்கு எங்க ஊர்ல இருந்து சாயங்கால பஸ்ஸே கிடையாது.

முதல் வாரம் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ். சார் ‘பர்பெண்டிகுலர், பர்பெண்டிகுலர்’னு சொல்லிக்கிட்டே கோடு போடறார். எனக்கு ஒண்ணும் ஓடல. பக்கத்துப் பையன் ஷீட்டை எட்டிப் பார்த்தா, அட, செங்குத்து! கோடு போடற மினி டிராஃப்டர், சீனியர் அண்ணன் குடுத்த பழசு. ஒரு திருகு லூஸு, எந்தக் கோடு போட்டாலும் கொஞ்சம் சாயும். ஷீட்டைத் தூக்கிக் காட்டி ‘உங்க வீட்டுச் சுவரும் இப்படித்தானாடா?’னு கேட்டார் சார். எங்களுது மண்சுவர், சாஞ்சுதான் இருந்துச்சு. கிளாஸே சிரிச்சுது, நானும் சேர்ந்து சிரிச்சேன்.

அதைக்கூட மறந்துட்டேன். ரெண்டாவது வருஷம், பாடம் நடந்துக்கிட்டு இருக்கும்போது ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் பேப்பரோட வந்தார். ‘எஸ்சி ஸ்காலர்ஷிப் லிஸ்ட்டுல பேர் இருக்கவங்க எந்திரிங்க.’ ஏழு பேர் எந்திரிச்சோம். ஒவ்வொரு பேரா வாசிச்சு டிக் அடிச்சார். அன்னைக்கு ராத்திரி ரூம்மேட் கேட்டான், ‘மச்சான், உன் கட்-ஆஃப் எவ்ளோ?’ ஒரு வருஷமா ஒரே ரூம், அதுவரைக்கும் கேட்டதே இல்ல. சொன்னேன். அவனோடதைவிட அதிகம். அவன் மேனேஜ்மென்ட் கோட்டா. சுயநிதிக் காலேஜ்ல 35 சதவீத சீட்டு அப்படித்தான் போகுது, அவங்களை யாரும் எந்திரிக்கச் சொல்லி நான் பார்த்ததில்ல.

கரூர் பொண்ணு (ஈசிஇ)
அண்ணா, எங்க கதை வேற மாதிரி. 2010ல வந்த முதல் பட்டதாரி சலுகை ஒரு வீட்டுக்கு ஒருத்தருக்குத்தான். அதை எங்க அண்ணன் வாங்கிட்டிருந்தான். அவனுக்கு 14 அரியர், எனக்கு ஒண்ணுகூட இல்ல. என் ஃபீஸுக்கு அம்மா தோடு அடகுக்கடைக்குப் போச்சு. அப்புறம் லேப். பசங்க ஒன்பது மணி வரைக்கும் புராஜெக்ட் பண்ணுவாங்க. ஆறரைக்கு லேடீஸ் ஹாஸ்டல் கேட்டைப் பூட்டிருவாங்க. வைவால, அதான் வாய்மொழித் தேர்வுல மட்டும் ‘சோல்டரிங் நீ பண்ணியா, பசங்க பண்ணாங்களா?’னு கேப்பாங்க.

மெக் 2009
ஸ்காலர்ஷிப் பணம் வரலைன்னு ஹால் டிக்கெட்டைப் பிடிச்சு வச்சாங்க. பரீட்சை அன்னைக்குக் காலையில ஒன்பதரைக்கு அப்பா ஆபீஸ் வாசல்ல நின்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தார். அவருக்குப் பேர் மட்டும்தான் எழுதத் தெரியும், எதுல போட்டார்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாது.

கும்பகோணம் 98
ஏழ்மை ஜாதி பார்த்தா வருது? எங்க அப்பாவும் கல்யாண சமையலுக்குப் போனவர்தான். எனக்கு ஒரு ரூபா சலுகை கிடையாது.

அரியலூர்க்காரன்
உங்க அப்பா கஷ்டத்தை நான் குறைச்சுச் சொல்லல தம்பி. கிளாஸ் நடுவுல உங்களை எந்திரிக்கச் சொன்னாங்களா? அதை மட்டும் சொல்லுங்க.

மேத்ஸ் வாத்தியார்
நான் அந்தப் பக்கம் நின்னவன். வேலைக்குச் சேர்ந்த புதுசுல முதல் நாளே ‘தமிழ் மீடியம் யாரு, கையைத் தூக்குங்க’னு கேப்பேன். உதவி பண்ணத்தான் கேட்டேன். தூக்கினவங்க அந்த செமஸ்டர் முழுக்க ஒரு சந்தேகமும் கேக்கல. எனக்கு உறைக்க நாலு வருஷம் ஆச்சு.

2021ல இருந்து 7.5 சதவீத ஒதுக்கீட்டுல அரசுப் பள்ளிப் பிள்ளைங்க வர்றாங்க. ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் அரசே கட்டிருது, அந்தக் கவலை போச்சு. ஆனா முதல் செமஸ்டர் கணக்குல சறுக்குறாங்க. பல ஸ்கூல்ல ப்ளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டினதோட பாக்கி அது, தனியார் ஸ்கூல்லயும்தான். அதுக்காகத்தானே 2017-18ல ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வச்சாங்க. நான் இப்ப போர்டுல ‘டெரிவேட்டிவ்’ பக்கத்துல ‘வகைக்கெழு’ன்னும் எழுதிப் போடறேன், யாரையும் கை தூக்கச் சொல்றதில்ல.

போன வருஷம் ஆபீஸ்ல இருந்து அதே மாதிரி லிஸ்ட் வந்துச்சு. வாங்கிப் பையில போட்டுக்கிட்டேன். ஒவ்வொருத்தரையா ஸ்டாஃப் ரூமுக்கு வரச் சொல்லிக் கையெழுத்து வாங்க அரை நாள் ஆயிருச்சு. திருப்பிக் குடுக்கப் போனப்ப ‘கிளாஸ்லயே வாசிச்சிருந்தா அஞ்சு நிமிஷ வேலை சார்’னு சலிச்சுக்கிட்டார் அந்த கிளார்க்.