அரை நாள் ஏடிவி சுற்றுலாவில் மொராயும் மராஸ் உப்பு வயல்களும்: அப்பாவையும் மகளையும் அழைத்துப் போகலாமா?

செண்பகம் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜூலையில் நானும் என் கணவரும், 14 வயது மகளும், 68 வயதான என் அப்பாவும் பெரு நாட்டுக்குச் செல்கிறோம். மச்சு பிச்சுவுக்கு வேண்டிய ரயில் சீட்டும் நுழைவுச் சீட்டும் எடுத்தாகிவிட்டது. அதற்கு முன்பு குஸ்கோ நகரில் மூன்று நாட்கள் இருக்கின்றன. அதில் ஒரு காலைப்பொழுதில், வழிகாட்டியுடன் ஏடிவி எனப்படும் நான்கு சக்கர மண்பாதை வண்டிகளில் சென்று மொராயின் வட்ட வயல்களையும் மராஸ் உப்பு வயல்களையும் பார்த்துத் திரும்பும் சுற்றுலாவுக்குப் பதிவு செய்யலாமா என்று யோசிக்கிறோம்.

மகளுக்கு அந்த வண்டியின் மேல் ஆசை. அப்பாவுக்கு மொராயின் மேல். அவர் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர். பெருவைப் பண்டு ஆண்ட இன்காக்களைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்து வைத்திருக்கிறார். இத்தனை தொலைவு அழைத்துப் போய், புழுதி பறக்க வந்து நின்று, படம் எடுத்துக்கொண்டு கிளம்புகிற இடமாக மொராய் அவருக்கு ஆகிவிட்டால் என் மனம் ஆறாது. ஏடிவி சுற்றுலாவில் அந்த இடங்களை நின்று நிதானமாகப் பார்க்க நேரம் இருக்குமா? என் கணவர் மோட்டார் சைக்கிள் நன்றாக ஓட்டுவார். எங்களில் வேறு யாருக்கும் வண்டிப் பழக்கம் இல்லை. அவ்வளவு உயரத்தில், அந்த மண் பாதையில் அது போதுமா? போய் வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மலைவழியன்:

வணக்கம் சகோதரி. நான் ஓர் ஆகஸ்டு மாதத்தில் இந்தச் சுற்றுலாவுக்குப் போனேன். நேரக் கணக்கை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது.

அரை நாள் என்பதில் பெரும்பகுதி பயணத்திலேயே கழிந்துவிடும். குஸ்கோவிலிருந்து வேனில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் போய், உருபம்பா செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள குருஸ்பாட்டா என்ற சிற்றூரில் இறக்கிவிடுவார்கள். தலைக்கவசம், கையுறை, சற்று நேரப் பயிற்சி ஆகியவற்றுக்குப் பிறகு அங்கிருந்துதான் வண்டி ஓட்டம் தொடங்கும். எங்கள் வழிகாட்டிக்கு வண்டி ஓட்டுவதிலேதான் கவனம் இருந்தது. மொராயில் எங்களுக்குக் கிடைத்தது இருபது நிமிடம். பதிவு செய்யும்போது "எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம்" என்று கேட்ட நான், "மொராயில் எவ்வளவு நேரம் நிற்பீர்கள்" என்று கேட்கத் தவறிவிட்டேன். நீங்கள் அந்தக் கேள்வியை மட்டும் கேளுங்கள். மொராயில் ஒரு மணி நேரம், உப்பு வயல்களில் முக்கால் மணி நேரம் என்று எழுத்தில் உறுதி தருகிறவர்களிடம் மட்டுமே பணம் கட்டுங்கள்.

அதற்காக அந்த ஓட்டத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மேட்டுநிலம் முழுவதும் செம்மண். அறுவடை முடிந்த கோதுமை, பார்லி வயல்களுக்கு நடுவே பாதை. எதிரே உருபம்பா மலைத்தொடரின் பனிமுகடுகள் வரிசையாக நிற்கும். சிகோன் சிகரத்தை நோக்கியே வண்டி போவதுபோல் ஒரு நீண்ட நேர்ப்பாதை வரும். வழிகாட்டி அங்கே எல்லோரையும் நிறுத்தி எஞ்சினை அணைக்கச் சொன்னார். அந்த அமைதியில் காற்று மட்டும் கேட்டது. வேன் கண்ணாடிக்குள்ளிருந்து அந்த நிலத்தின் அகலம் இப்படித் தெரிந்திருக்காது.

உங்கள் கணவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். மோட்டார் சைக்கிள் பழக்கம் இங்கே பாதிதான் உதவும், ஓரிடத்தில் கெடுதலும் செய்யும். பைக் தடுமாறினால் நம் கால் தானாகத் தரையை ஊன்றும். ஏடிவியில் அப்படிக் காலை இறக்கினால் பின்சக்கரம் அதன் மேல் ஏறிவிடும். என்ன நடந்தாலும் கால்கள் மிதிமேடையிலேயே இருக்க வேண்டும். பைக்கைப்போல் இது தானாகச் சாய்ந்து திரும்பாது. கைப்பிடியைத் திருப்பி, உடம்பை உட்பக்கம் சாய்த்துக் கொடுக்க வேண்டும். ஏற்றத்தில் முன்னால் குனிய வேண்டும். இறக்கத்தில் பின்னால் நகர்ந்து, எஞ்சின் இழுப்பிலேயே மெதுவாக இறங்க வேண்டும். ஆக்சிலரேட்டரைக் கட்டைவிரலால் அழுத்துவதால், பழக்கமில்லாத கை அரை மணி நேரத்தில் வலிக்கத் தொடங்கும். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால், வண்டியும் நம்மைப்போலவே மூச்சு வாங்கும். ஏற்றத்தில் இழுக்கவில்லையே என்று ஆக்சிலரேட்டரை அழுத்திப் பிடிக்க வேண்டாம்.

உங்கள் பயணக் காப்பீட்டுப் பத்திரத்தையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். பல திட்டங்களில் ஏடிவி விபத்து விலக்குப் பட்டியலில் இருக்கும்.

வேதாரண்யத்தான்:

ஐயா சொன்ன நேரக் கணக்கு சரி. நான் அந்த இடங்களைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் அப்பாவுக்காகவே எழுதுகிறேன்.

மொராய் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிண்ணம்போன்ற பள்ளங்களுக்குள் வட்ட வட்டமாக அடுக்கிய வயல்தட்டுகள்தான் அது. பெரிய கிண்ணத்தின் ஆழம் ஏறக்குறைய 30 மீட்டர். அதன் அடிப்பகுதி கிட்டத்தட்ட முழு வட்டம். மேலே வர வர வட்டம் ஒருபுறம் நீண்டு முட்டை வடிவாகிறது. பள்ளங்கள் நிலத்தடிப் பாறை நீரில் கரைந்து இயற்கையாக உண்டானவை. அவற்றுக்குள் கல்சுவர் எழுப்பி, மண் நிரப்பி, வாய்க்கால் இறக்கியதுதான் மனிதரின் வேலை. சுவர்களில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கற்களை அப்பாவிடம் காட்டுங்கள். ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்கு ஏறுவதற்காகச் சுவரிலேயே செருகிய படிகள் அவை. இவ்வளவு பெரிய பள்ளத்தில் மழைநீர் ஏன் குளமாகத் தேங்குவதில்லை என்று எனக்குத் தோன்றியது. நீர் அடியிலேயே வடிந்துவிடுகிறது. ஆனாலும் 2010-ஐ ஒட்டிப் பெய்த கனமழையில் பெரிய கிண்ணத்தின் ஒரு பகுதி சரிந்து, பிறகு சீரமைக்கப்பட்டது.

வழிகாட்டிகள் எல்லோரும் இதை இன்காக்களின் விவசாய ஆராய்ச்சிக்கூடம் என்று உறுதியாகச் சொல்வார்கள். மேல் தட்டுக்கும் அடித் தட்டுக்கும் இடையே வெப்பநிலை மாறுபடுவதைக் கொண்டு, வெவ்வேறு பயிர்களைச் சோதித்துப் பார்த்திருக்கலாம் என்று மானிடவியலாளர் ஜான் ஏர்ல்ஸ் முன்வைத்த கருத்து அது. நல்ல கருத்துதான், ஆனால் கருத்து மட்டுமே. இன்காக்கள் எழுதி வைத்த ஆவணம் எதுவும் இல்லாத நிலையில், சடங்கு நிகழ்ந்த இடமாக இருக்கலாம் என்று சொல்பவர்களையும் தள்ளிவிட முடியாது. வரலாறு கற்பித்தவருக்கு அந்த விளிம்பில் உட்கார்ந்து யோசிக்க இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. வெளி உலகுக்கு மொராய் பரவலாகத் தெரியவந்ததே 1931-ல் விமானத்திலிருந்து எடுக்கப்பட்ட படங்களால்தான். மேலிருந்து பார்த்தால்தான் வடிவம் முழுதாகப் பிடிபடும் என்பதால், கிண்ணத்துக்குள் இறங்க விடுவதில்லை என்று வருந்த வேண்டியதில்லை. விளிம்பைச் சுற்றியே பாதை இருக்கிறது.

மராஸ் உப்பு வயல்களைப் பற்றி எழுத எனக்குக் கூடுதல் உரிமை இருப்பதாக நினைக்கிறேன், ஏனென்றால் நான் உப்பளத்துக்கு அருகில் வளர்ந்தவன். எங்கள் ஊரில் கடல்நீரைச் சமதரையில் பாத்தி கட்டிக் காய வைப்பார்கள். இங்கே கடலே இல்லை. மலைக்குள் பழங்காலக் கடல் விட்டுச் சென்ற உப்பைக் கரைத்துக்கொண்டு ஓர் ஊற்று வெளியே வருகிறது. அந்த ஒரே ஊற்றின் நீரைக் கையகல வாய்க்கால்களில் பிரித்து, செங்குத்தான சரிவில் தேன்கூடுபோல் அடுக்கிய மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாத்திகளுக்குப் பாய்ச்சுகிறார்கள். பெரும்பாலான பாத்திகள் ஒரு சிறிய அறையின் அளவுகூட இருக்காது. நீர் வற்ற வற்ற மீண்டும் பாய்ச்சி, உப்பு கெட்டியாகப் படிந்ததும் தட்டி எடுக்கிறார்கள். இன்காக்களுக்கும் முந்தைய காலத்திலிருந்து இந்த வேலை நடந்து வருவதாகக் கருதப்படுகிறது. இன்றும் அவை மராஸ், பிச்சிங்கோட்டோ ஊர்க் குடும்பங்களின் பாத்திகள்தான். வாய்க்கால் மடையை ஒரு கல்லை வைத்து அடைப்பதும் எடுப்பதுமாக ஓர் அம்மா நீர் பாய்ச்சிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது எனக்கு என் பாட்டியின் நினைவு வந்துவிட்டது.

ஜூலையில் போவது நல்லது. மழையில்லாத மாதங்களில்தான் உப்பு எடுப்பார்கள், அப்போதுதான் பாத்திகள் வெள்ளையாக மின்னும். மழைக்காலத்தில் எல்லாம் சேற்று நிறமாக இருக்கும். 2019 முதல் பாத்திகளுக்கு நடுவே நடக்க அனுமதி இல்லை; பார்வையிடும் இடங்களிலிருந்துதான் பார்க்க வேண்டும். மிதியடி மண்ணும் குப்பையும் உண்ணும் உப்பில் விழுந்துகொண்டிருந்ததால் வந்த கட்டுப்பாடு அது, மிகச் சரியான முடிவு.

நுழைவுச் சீட்டு பெரும்பாலும் சுற்றுலாக் கட்டணத்தில் சேராது. மொராய்க்குக் குஸ்கோவின் பொதுச் சுற்றுலாச் சீட்டு வேண்டும். மொராய், ஒல்லாந்தாய்தம்போ, பிசாக், சின்சேரோ ஆகிய நான்கு தொல்லிடங்களுக்கும் சேர்த்து இரண்டு நாள் செல்லும் பகுதிச் சீட்டு நான் போனபோது 70 சோல் (பெரு நாட்டுப் பணம்). உப்பு வயல்களை ஊரார் நடத்துவதால் அதற்குத் தனியே, ரொக்கமாகக் கட்ட வேண்டும்.

நடைப்பிரியை:

நான் சற்று மாறுபட்டுச் சொல்கிறேன், சகோதரி பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பாதைகள் சுற்றுலாவுக்காகப் போடப்பட்டவை அல்ல. ஊர்க்காரர்கள் ஆடு மாடு ஓட்டிச் செல்லும், விளைச்சலைச் சுமந்து வரும் வயல்வழிகள். பத்துப் பன்னிரண்டு வண்டிகள் வரிசையாகப் போகும்போது, ஓரத்தில் ஒதுங்கி நின்று முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வதைப்போல் ஒரு மூதாட்டி தன் சால்வையை இழுத்து மூடியதைப் பார்த்த பிறகு எனக்கு அந்த வண்டியில் ஏற மனம் வரவில்லை. நாங்கள் மொராய்க்கு வாடகைக் காரில் போனோம். பிறகு மராஸ் ஊரில் இறங்கி, உப்பு வயல்கள் வரை நடந்தே சென்றோம். நடந்ததால் மராஸ் தெருக்களும் எங்களுக்குக் கிடைத்தன. ஸ்பானியர் காலத்துச் செதுக்கு வேலை கொண்ட கல் நிலைப்படிகள் இன்று எளிய மண்சுவர் வீடுகளுக்கு வாசலாக நிற்கின்றன. ஏடிவி சுற்றுலாக்கள் இந்த ஊரைப் பெரும்பாலும் கடந்தே போய்விடுகின்றன.

போவதென்றே முடிவு செய்தால், ஆட்களும் வீடுகளும் உள்ள இடத்தில் வேகத்தைக் குறைக்கும்படி வழிகாட்டியிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

உங்கள் மகளைப் பற்றியும் ஒரு சொல். பதினாறு வயது நிரம்பாதவர்கள் ஏடிவி ஓட்டக் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் நெடுநாளைய நிலைப்பாடு. ஒருவருக்காகச் செய்த வண்டியில் இருவர் ஏறுவதையும் அவர்கள் கூடாது என்கிறார்கள். மகளுக்குத் தனி வண்டி தருகிறோம் என்று யாராவது சொன்னால், அந்த நிறுவனத்தையே தவிர்த்துவிடுங்கள்.

செண்பகம்:

மூவருக்கும் மிக்க நன்றி. பதில்களை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஆராய்ச்சிக்கூடம் என்பதற்குச் சான்று என்ன" என்று அவர் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்.

நாங்கள் இப்படி எண்ணுகிறோம். அப்பாவும் நானும் ஸ்பானிய மொழியோடு ஆங்கிலமும் தெரிந்த வழிகாட்டியுடன் காரில் காலையிலேயே மொராய்க்குப் போய்விடுவோம். கணவரும் மகளும் வண்டியில் வந்து எங்களோடு சேர்ந்துகொள்வார்கள். உப்பு வயல்களுக்கு எல்லோரும் காரிலேயே போகலாம். மராஸ் தெருக்களில் ஒரு சுற்று நடக்கவும் நேரம் வைத்திருக்கிறோம். நடைப்பிரியை அம்மா சொன்ன மூதாட்டியை மகளிடம் சொன்னேன். ஊருக்குள் மெதுவாகப் போகச் சொல்வதாக அவளே ஒப்புக்கொண்டாள். ஆனால் அவளை வண்டியில் என் கணவரின் பின்னால் உட்கார வைப்பது பாதுகாப்பா? மேலும், விமானத்தில் இறங்கிய மறுநாளே இதை வைத்துக்கொள்ளலாமா?

மலைவழியன்:

பின்னால் உட்காருவதென்றால், இருவருக்கென்றே தயாரித்த நீளமான வண்டியா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஒருவர் வண்டியின் சாமான் கம்பியில் அவளை உட்கார வைக்க ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். அதைவிட நல்லது, இருவர் அருகருகே உட்காரும், மேலே இரும்புச் சட்டமும் இருக்கைப் பட்டையும் உள்ள வண்டி. அது இருக்கிறதா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். கிடைத்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். இரண்டும் இல்லையென்றால் மகளும் காரில் வரட்டும். ஆசை வருத்தப்படும், ஆனாலும் நான் என் பிள்ளைக்கு அதைத்தான் செய்வேன்.

மறுநாளே வேண்டாம். உடம்பு உயரத்துக்குப் பழக வேண்டும். குஸ்கோ 3,400 மீட்டர். மராஸ், மொராய் பகுதியும் ஏறக்குறைய அதே உயரம். விமான நிலையத்திலிருந்து நேரே காரில் உருபம்பாவுக்கோ ஒல்லாந்தாய்தம்போவுக்கோ இறங்கிவிடுங்கள். அவை பள்ளத்தாக்கில், 2,800 மீட்டர் அளவில்தான் இருக்கின்றன. தூக்கம் நன்றாக வரும். முதல் நாள் ஓய்வு, இரண்டாம் நாள் ஒல்லாந்தாய்தம்போ கோட்டை, மூன்றாம் நாள் காலையில் மொராய் என்று வைத்தால், உங்கள் மச்சு பிச்சு ரயிலும் ஒல்லாந்தாய்தம்போவிலிருந்தே புறப்படுவதாக இருக்கும் பட்சத்தில் வீண் அலைச்சல் இராது. குருஸ்பாட்டாவுக்கு நீங்களே நேராக வந்து சேர்ந்துகொள்ளலாமா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். பள்ளத்தாக்கிலிருந்து அது பக்கம்தான். குஸ்கோவை மச்சு பிச்சுவுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அப்பா இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவராக இருந்தால், உயரமான இடங்களில் வரும் நோய்க்கான அசெட்டசோலமைடு மருந்து அவருக்கு ஒத்துப்போகுமா என்று கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். ஜூலைக் காலையில் குளிர் உறைநிலையை ஒட்டி இருக்கும், பத்து மணிக்கு வெயில் தோலைச் சுடும். எனவே கழற்றிக் கழற்றி மாட்டக்கூடிய உடைகளும், மூக்கை மூடிக் கட்ட ஒரு துணியும் எல்லோருக்கும் வேண்டும். அப்பாவுக்கு மட்டும் கூடுதலாக ஒரு தொப்பியும் மடக்கு நாற்காலியும் எடுத்துக்கொள்ளுங்கள். மொராயின் விளிம்பில் நிழலே இல்லை.