மூன்று பேர் அலுவலகத்தில் பொறுப்புகளை எப்படிப் பிரிப்பது?

வணக்கம். திருப்பூரில் அண்ணனும் நானும் கூட்டாகச் சிறிய பனியன் கம்பெனி நடத்துகிறோம். அலுவலகத்தில் மூன்றே பேர். நூல் ஆர்டர் கொடுப்பது, சரக்கை எடை போட்டு இறக்குவது, பில்லை டாலி கணக்கு மென்பொருளில் ஏற்றுவது, பணம் அனுப்புவது எல்லாமே ஒரே கணக்காளர் கையில். பத்தாண்டுகளாக எங்களோடு இருப்பவர், அவர்மீது துளியும் சந்தேகமில்லை. ஆனால் சாயப்பட்டறையிலிருந்து திரும்பிய துணி, வழக்கமான கழிவு போகவும் 11 கிலோ குறைந்தது. பில்லோ முழு எடைக்கு வந்திருந்தது. பில்லை, சரக்கோடு வரும் டெலிவரி சலானோடு ஒத்துப் பார்ப்பது யார் வேலை என்றே இங்கே வரையறை இல்லை. அதுதான் எனக்குக் கவலை.

நெட் பேங்கிங்கில் ஒருவர் பதிவு செய்ய, இன்னொருவர் ஒப்புதல் தரும் முறைக்கு வங்கியில் விண்ணப்பித்துவிட்டோம். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் பொதுவாகச் செலவாக ஏற்கமாட்டார்கள் என்பதால் ரொக்கத்தையும் குறைத்துவிட்டோம்.

இருப்புக் கணக்கெடுப்பை உற்பத்திப் பிரிவு ஆளிடம் கொடுக்கலாமா, வெளியாள் வேண்டுமா? இன்னொன்று, கொஞ்சம் சங்கடமானது: வீட்டுச் செலவுக்குக் கம்பெனிப் பணத்தை எடுக்கும் வழக்கம் எங்கள் இருவருக்கும் உண்டு. இதனால் உண்மையான லாபம் தெரிவதில்லை. கூட்டாண்மைப் பத்திரத்தில் மாதாந்தர வரம்பு எழுதி நடைமுறைப்படுத்தியவர்கள், குடும்பத்தில் மனக்கசப்பு வராமல் எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.