லேக்கர்ஸுக்கு எய்ட்டன் போதுமா? 2025-26 என்.பி.ஏ சீசனுக்கு முன் குமரி கூடைப்பந்து ரசிகர்கள் நடத்திய விவாதம்

மார்த்தாண்டம்77:
2025-26 சீசன் தொடங்க இன்னும் சில வாரம்தான். அமெரிக்க என்.பி.ஏ லீகில் நம் அணியான லேக்கர்ஸ் இந்தக் கோடையில் ஆள் எடுத்ததைக் குறை சொல்கிறவர்கள், மே தினத்தன்று காலையில் நாமெல்லாம் பார்த்த அந்த ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். பிளேஆஃப் (சீசன் முடிந்தபின் நடக்கும் நாக்-அவுட் தொடர்) சுற்றில் மினசோட்டாவுடன் ஐந்தாவது ஆட்டம். அவர்கள் எறிந்த 47 த்ரீயில் (தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளி ஷாட்) 7 மட்டும்தான் விழுந்தது. அப்படி எறிந்த அணி தோற்றிருக்க வேண்டும். ஆனால் 103-96 என்று ஜெயித்து, தொடரையே 4-1 என்று முடித்துவிட்டார்கள். அவர்களுடைய ரூடி கோபேர்ட் 27 புள்ளி, 24 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது). பந்து ரிங்கில் பட்டுத் தெறிக்கும்போதெல்லாம் அவர் கைதான் மேலே இருந்தது.

நம்மிடம் சென்டர், அதாவது ரிங்குக்குப் பக்கத்தில் ஆடும் உயரமான ஆள், இல்லை. அதனால் தோற்றோம். பிப்ரவரியில் மார்க் வில்லியம்ஸை வாங்கிவிட்டு, மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு அந்த வியாபாரத்தையே ரத்து செய்தார்கள். அந்த ஓட்டை இப்போது அடைபட்டிருக்கிறது. போர்ட்லாண்டு ஒப்பந்தத்தை முடித்து அனுப்பிய டியாண்ட்ரே எய்ட்டன், இரண்டு வருடத்துக்கு 1.66 கோடி டாலரில் வந்திருக்கிறார். போன சீசனில் ஆட்டத்துக்கு 14 புள்ளி, 10 ரீபவுண்ட் எடுத்தவர். இந்த விலைக்கு இப்படி ஒருவர் எங்கே கிடைப்பார்?

தக்கலைத் தடுப்பு:
மக்கா, உள்ளே வந்தவரையே பார்க்கிறாய், வெளியே போனவரையும் பார். டோரியன் ஃபின்னி-ஸ்மித் ஹூஸ்டனுக்குப் போய்விட்டார், நான்கு வருடம், 5.3 கோடி டாலர். அதே தொடரின் நான்காவது ஆட்டத்தில் நம் பயிற்சியாளர் ஜேஜே ரெடிக் இரண்டாம் பாதி முழுவதும் ஒரே ஐந்து பேரைத்தான் ஆடவிட்டார். அந்த ஐந்தில் ஒருவர் இவர். எதிரணியின் பெரிய ஆட்களோடு மோதியதும் இவர்தான், வெளியே ஓடிப்போய் த்ரீயை மறித்ததும் இவர்தான். எறிந்த த்ரீயில் 41 சதவீதம் உள்ளே போட்டார். நம் நட்சத்திரம் லூகா டான்சிச்சுக்கு, அவர் டல்லாஸ் அணியில் இருந்த நாளிலிருந்தே பழகிய ஆள் வேறு. ஹூஸ்டனோ கெவின் டுரான்ட்டையும் வாங்கியிருக்கிறது. நமக்கு நேர் எதிரியின் கையில் நாமே ஆளைக் கொடுத்திருக்கிறோம்.

மார்த்தாண்டம்77:
ஃபின்னி-ஸ்மித்துக்கு 32 வயது. ஜூனில் கணுக்காலில் அறுவை சிகிச்சை. நான்கு வருடம் கொடுத்தால் கடைசி இரண்டு வருடம் கழுத்தில் கட்டிய கல் ஆகிவிடும். அந்த இடத்துக்கு ஜேக் லராவியா வந்திருக்கிறார், 23 வயது, அவரும் 42 சதவீதம் த்ரீ போட்டவர்.

தக்கலைத் தடுப்பு:
லராவியா குறைவாக எறிந்து எடுத்த சதவீதம் அது. பிளேஆஃபில் கடைசி ஐந்து நிமிடம் டுரான்ட்டை யார் பிடிப்பது, அதைச் சொல்.

வடசேரி கோச்:
தம்பிகளே, பிள்ளைகளுக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கிறவன் என்பதால் ஒன்றைச் சொல்கிறேன். கோபேர்ட் 24 ரீபவுண்ட் எடுத்ததற்கு அவர் உயரம் மட்டும் காரணம் இல்லை. அந்த ஆட்டத்தை மறுபடி போட்டுப் பாருங்கள், இந்தமுறை பந்தைப் பார்க்காமல் கோபேர்டின் காலைப் பாருங்கள். மினசோட்டாவின் ஆன்டனி எட்வர்ட்ஸ் மேலே, ரிங்கிலிருந்து தள்ளி, பந்தை ஒரு தட்டுத் தட்டி நம் ரீவ்ஸையோ லூகாவையோ தாண்டுகிறார். உடனே கோபேர்டைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அவரை விட்டுவிட்டு எட்வர்ட்ஸை மறிக்க ஓடுகிறார். கோபேர்ட் நின்ற இடத்திலிருந்து ஓரடி முன்னே வைக்கிறார், அவரைத் தள்ளி நிறுத்த ஆளே இல்லை. ஷாட் தவறினால் பந்து அவர் கைக்குத்தான் வரும். அதாவது ஓட்டை ரிங்குக்குக் கீழே இல்லை, மேலே, முதல் தடுப்பில் இருக்கிறது. அங்கே எய்ட்டனை நிறுத்தினாலும் அவரும் அதே மாதிரி ஆளை விட்டு ஓட வேண்டியதுதான்.

அதனால் இந்தக் கோடையின் முக்கியமான வரவு எய்ட்டன் இல்லை, மார்கஸ் ஸ்மார்ட் என்பேன். 2022இல் லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கியவர். இரண்டு வருடத்துக்கு 1.1 கோடி டாலர்.

தக்கலைத் தடுப்பு:
அண்ணே, அந்த விருது 2022. அதற்குப் பிறகு அவர் உடம்பு ஒத்துழைக்கவில்லையே. 2023-24இல் 20 ஆட்டம், போன சீசனில் 34. அவரை எடுக்க இடம் வேண்டும் என்று ஜோர்டன் குட்வினை வேறு அனுப்பிவிட்டார்கள். குறைந்த சம்பளத்துக்கு உயிரைக் கொடுத்துத் தடுத்த பையன். அது எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

கொளச்சல் கடற்கரை:
நடுவில் வருகிறேன். தடுப்பைப் பற்றியே பேசுகிறீர்கள், லூகாவுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. 2024இல் டல்லாஸை இறுதிச்சுற்றுக்குக் கொண்டுபோனபோது அவர் பக்கத்தில் லைவ்லி, காஃபோர்டு என்று இரண்டு சென்டர்கள் இருந்தார்கள். ஸ்கிரீன் போட்டதும், அதாவது எதிராளியின் வழியில் உடம்பை நிறுத்தி மறித்ததும், ஒரு நொடிகூட நிற்காமல் ரிங்கை நோக்கி ஓடுகிறவர்கள். லூகா மேலே தூக்கிப் போடுவார், அவர்கள் எகிறி உள்ளே அடிப்பார்கள். எய்ட்டன் அப்படி இல்லை. அவர் ஃபீனிக்ஸ் அணியில் ஆடிய நாளிலிருந்து பார்க்கிறேன், ஸ்கிரீன் போட்டுவிட்டு ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் பக்கத்தில் நின்று மிருதுவாக ஒரு ஜம்ப் ஷாட் போடுவதுதான் அவருக்குப் பிடிக்கும். அந்த உடம்பை வைத்துக்கொண்டு மோதவே மாட்டார், ஃபவுலும் வாங்க மாட்டார். அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2018இல் இவர் முதலாவது, லூகா மூன்றாவது. அந்தத் திறமை எல்லா நாளும் ஒரே மாதிரி வெளியே வரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

மார்த்தாண்டம்77:
2021இல் ஃபீனிக்ஸ் இறுதிச்சுற்று வரை போனபோது இதே எய்ட்டன்தான் ஓடினார், மோதினார். பக்கத்தில் கிறிஸ் பால் இருந்தார். நல்ல பாஸ் வரும் என்று தெரிந்தால் எந்தச் சென்டரும் ஓடுவார். லூகாவை விட நல்ல பாஸ் யார் கொடுப்பார்கள்? அதோடு லூகாவே ஆகஸ்டில் மூன்று வருடத்துக்கு 16.5 கோடி டாலரில் கையெழுத்துப் போட்டுவிட்டார், உடம்பையும் இளைத்து வைத்திருக்கிறார். இதைவிட என்ன வேண்டும்?

வடசேரி கோச்:
பாஸ் வந்தால் ஓடுவார், சரி. பாஸ் வராத நாலு தடவை ஓடுவாரா என்பதுதான் கேள்வி. சென்டரின் வேலையில் முக்கால்வாசி பந்து கைக்கு வராமலே செய்வது. ஸ்கிரீனில் இடுப்பை இறக்கி அசையாமல் நிற்பது, பந்தை இழந்த பிறகும் தடுக்கத் திரும்பி ஓடுவது, இதெல்லாம் புள்ளிக்கணக்கில் வராது. அக்டோபரில் நான் முதலில் பார்க்கப்போவது இதைத்தான்.

தக்கலைத் தடுப்பு:
நம் லெப்ரான் ஜேம்ஸை மறந்துவிட்டோம். இது அவருக்கு 23ஆவது சீசன், டிசம்பர் 30 வந்தால் 41 வயது. 5.26 கோடி டாலர் சம்பளம். ஃபின்னி-ஸ்மித் போனதால் பெரிய ஃபார்வர்டுகளைத் தடுக்கும் வேலையும் அவர் தலையில் விழும். லூகா, ரீவ்ஸ், லெப்ரான் மூவரும் ஒன்றாக நிற்கும்போது கால் வேகம் உள்ள தடுப்பாளர் இரண்டு பேராவது கூட வேண்டும். நம்மிடம் இருப்பவர்களில் ஸ்மார்ட்டும் வாண்டர்பில்ட்டும் சேர்ந்து ஆடினால் த்ரீ போட ஆள் இல்லை. ஹச்சிமுராவும் லராவியாவும் ஆடினால் தடுக்க ஆள் இல்லை. இரண்டையும் ஒரே ஆளாகச் செய்தவரைத்தான் அனுப்பிவிட்டார்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

மார்த்தாண்டம்77:
ஹச்சிமுராவின் 1.8 கோடியும் மாக்ஸி கிளெபரின் 1.1 கோடியும் இந்த வருடத்தோடு முடிகிற ஒப்பந்தங்கள். பிப்ரவரியில் அவர்களை மாற்றாகக் கொடுத்து நீ கேட்கிற ஆளை வாங்கலாம். அதுவரை 50 ஆட்டம் தாக்குப்பிடித்தால் போதும்.

கொளச்சல் கடற்கரை:
கடைசி ஐந்து நிமிடத்துக்கு உங்கள் ஐந்து பேர் யார்? நான் சொல்வது லூகா, ஸ்மார்ட், ஹச்சிமுரா, லெப்ரான், எய்ட்டன்.

மார்த்தாண்டம்77:
ரீவ்ஸை உட்காரவைப்பதா? ஒத்துக்கொள்ளவே மாட்டேன். லூகாவை இரண்டு பேர் சூழ்ந்துகொண்டால் அடுத்து பந்தைக் கொண்டுபோக அவரை விட்டால் யார் இருக்கிறார்கள்?

வடசேரி கோச்:
லெப்ரான் இருக்கிறார். ஆனால் எதிரே எட்வர்ட்ஸ் நின்றால் ரீவ்ஸ் வெளியே, டென்வரின் சென்டர் ஜோக்கிச் நின்றால் ரீவ்ஸ் உள்ளே. நான் ரெடிக் இடத்தில் இருந்தால் அப்படித்தான் முடிவு எடுப்பேன்.