1974 புல்லட்டுக்கு மயில்கழுத்து நிறம் பொருந்துமா?

ராயபுரம் வண்டிக்காரன்:
வணக்கம். திருவொற்றியூர் ஆலையில் 1974-இல் தயாரான புல்லட் 350 ஒன்றை முழுவதும் பிரித்துப் புதுப்பித்து வருகிறேன். என்ஜின் வேலையும் வயரிங்கும் முடிந்துவிட்டன. பெயிண்ட் மட்டுமே மீதம். இப்போதுள்ள கறுப்பு யாரோ பிற்காலத்தில் அடித்தது. என் மனம் மயில்கழுத்து நிறத்தில் நிற்கிறது. டேங்கில் தங்கக் கோடுகளும் வேண்டும். மெக்கானிக்கோ ராணுவப் பச்சை அடிக்கச் சொல்கிறார். பழைய வண்டிக்கு நாமாக ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுப்பது முறைதானா? அப்படிச் செய்வதானால் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

தண்டையார்பேட்டை பெயிண்டர்:
முதலில் டேங்கின் பக்கங்களில் முழங்கால் படும் இடத்தில் இருக்கும் ரப்பரைக் கழற்றிப் பாருங்கள். வெயிலும் துடைக்கும் துணியும் படாத இடம் என்பதால் ஆலை அடித்த பெயிண்ட் பெரும்பாலும் அங்கேதான் தப்பியிருக்கும். அங்கும் கறுப்பே தெரிந்தால், 1000 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்துக் காசு அகலத்துக்கு மெதுவாகத் தேயுங்கள். அடித்த அடுக்குகள் எல்லாம் வளையம் வளையமாக வெளிவரும். பிறந்த நிறம் எதுவென்று தெரிந்துகொண்ட பிறகு வேறு நிறத்துக்குப் போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

மயில்கழுத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பட்டுப் புடவையில் அந்த நிறம் அசைவுக்கு ஏற்ப நீலமாகவும் பச்சையாகவும் மாறித் தெரிவதற்குக் காரணம், பாவும் ஊடும் வெவ்வேறு நிற நூல்களாக இருப்பதுதான். துகள் கலக்காத பெயிண்ட்டில் அந்த மாற்றம் வராது. மெட்டாலிக் துகள் கலந்தால் ஓரளவு வரும், ஆனால் அந்தக் கால வண்டிமேல் அது அந்நியமாகவே தெரியும். ஆகவே நீலம் தூக்கலாகவா, பச்சை தூக்கலாகவா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அட்டையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வளைந்த தகட்டில் அடித்து, காலை வெயிலிலும் உச்சி வெயிலிலும் டியூப் லைட்டிலும் பாருங்கள். கடை விளக்கில் நீலமாக இருந்த கலவை வெளியே வந்ததும் பச்சையாகத் தெரிவதுண்டு. தங்கக் கோடு எடுப்பாக நிற்க வேண்டுமானால் கலவை அடர்த்தியாக இருக்கட்டும். கோட்டை டேப் ஒட்டிப் போடாமல், திருவொற்றியூரில் போட்டதுபோல் தூரிகை பிடித்துக் கையாலேயே போடச் சொல்லுங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை:
ராணுவப் பச்சையை மறந்துவிடுங்கள் ஐயா. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 121-ஆம் விதிப்படி, பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறு எந்த வண்டிக்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது. மற்ற நிறம் எதுவானாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் மாற்றிப் பதிந்துவிடுங்கள். 50 ஆண்டு கடந்த வண்டி என்பதால், 2021-இல் வந்த விதிப்படி விண்டேஜ் (பழம்பெரும் வண்டி) பதிவுக்கும் வழி உண்டு. ஆனால் அப்படிப் பதிந்தால் அன்றாடம் ஓட்ட முடியாது.

காசிமேடு அன்பு:
கடலோரத்தில் நிற்கப்போகும் வண்டிக்கு நிறத்தைவிட அடிப்பூச்சு முக்கியம். துருவை வெறும் தகடு தெரியும்வரை எடுத்துவிட்டு எபாக்ஸி பிரைமர் அடித்தால்தான் உப்புக் காற்றுக்குத் தாங்கும். மேலே ஹார்டனர் கலந்த 2கே பெயிண்ட் போடுங்கள். பெட்ரோல் சிந்தினாலும் எளிதில் கரையாது. அந்த ஹார்டனரில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருப்பதால், அடிப்பவர் முகத்தில் கைக்குட்டை கட்டினால் போதாது, முறையான மாஸ்க் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அடித்தால் பளபளப்பு மங்கிப் பூத்துவிடும். கலவையின் அளவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு கீறல் விழுந்தால் அதே நிறம் கிடைப்பதற்கு அதுவே எளிய வழி.

ராயபுரம் வண்டிக்காரன்:
அனைவருக்கும் நன்றி. ரப்பருக்கு அடியிலும் பக்கப் பெட்டியின் உட்புறத்திலும் மெரூன் தெரிகிறது. வெளியே நீலம் தூக்கலான மயில்கழுத்தையே அடிக்கிறேன்; பெட்டியின் உட்புறத்தைத் தொடாமல், மெரூனாகவே விட்டுவிடுகிறேன். மழைக்காலம் முடிந்ததும் மாதிரித் தகட்டின் படம் போடுகிறேன்.