சிறுகுறிஞ்சான் கேப்சூலை நம்பிச் சர்க்கரை மாத்திரையைக் குறைக்கலாமா?

கொறங்காட்டான் (காங்கேயம்):
அனைவருக்கும் வணக்கம். எங்கள் அப்புச்சிக்கு 69 வயது. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும் கிளைமிபிரைடும் எடுத்து வருகிறார். சென்ற மாதம் உறவினர் ஒருவர், சிறுகுறிஞ்சான் சாரம் அடைத்த 250 மில்லிகிராம் கேப்சூல் டப்பா ஒன்றைக் கொடுத்து, காலையும் மாலையும் ஒவ்வொன்று விழுங்கினால் மாத்திரைகளை மெல்ல நிறுத்திவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். டப்பாவில் ‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்று அச்சிட்டிருக்கிறது. அப்புச்சி வேலியில் படர்ந்த கொடியிலிருந்து இலையைப் பறித்து மென்றுவிட்டு வெல்லத்தை வாயில் போட்டுப் பார்த்தார், இனிப்பே தெரியவில்லை. நாக்கிலேயே சர்க்கரையைக் கொல்கிறது என்றால் இரத்தத்தில் விட்டுவைக்குமா என்பது அவர் வாதம். ஆவாரம்பூவும் பூளைப்பூவும் வைத்துக் காப்புக் கட்டும் வீட்டில் மூலிகை வேண்டாம் என்று சொல்ல எனக்கும் மனமில்லை. இந்த ஆய்வுகளை எவ்வளவு தூரம் நம்பலாம்?

மருந்தியல் மாணவி (கோவை):
வெல்லச் சோதனை உண்மைதான், ஆனால் அது நாக்கோடு முடிந்துவிடுகிறது. அந்த இலையிலுள்ள ஜிம்னெமிக் அமிலங்கள் இனிப்பை உணரும் ஏற்பிகளைச் சிறிது நேரம் மறைக்கின்றன. இரத்தச் சர்க்கரைக்கு அது சான்றாகாது.

ஆய்வு என்று அச்சிடுவதில் பெரும்பகுதி எலிகளிடம் செய்யப்பட்டது. ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி போட்டு, இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்து, பிறகு உடல் எடையில் கிலோவுக்கு 200 முதல் 400 மில்லிகிராம் வரை சாரம் கொடுத்துப் பார்ப்பது வழக்கமான முறை. எலியின் அளவை மனிதருக்கு மாற்ற ஏறக்குறைய ஆறால் வகுப்பார்கள். 400 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு நான்கு கிராம், அதாவது உங்கள் டப்பாவிலிருந்து பதினாறு கேப்சூல் வரும். அவ்வளவையும் விழுங்கச் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். டப்பாவின் இரண்டு கேப்சூலுக்கும் அந்த ஆய்வுக்கும் உறவில்லை என்பதற்காகவே கணக்குப் போட்டேன். மேலும், மெத்தனாலில் எடுத்த சாரமும் தண்ணீரில் காய்ச்சிய கஷாயமும் ஒரே பொருளல்ல. கரைப்பானுக்கு ஏற்ப இறங்கும் வேதிப்பொருள் மாறும்.

செடியிலிருந்து மருந்து பிறக்காது என்று நான் சொல்லவில்லை. அப்புச்சி விழுங்கும் மெட்ஃபார்மினின் பூர்வீகமே ஐரோப்பாவின் கலீகா அஃபிசினாலிஸ் என்ற செடிதான். அதிலிருந்த கலீகின் சர்க்கரையைக் குறைத்தது, நஞ்சாகவும் இருந்தது. அதற்கு உறவான மெட்ஃபார்மின் 1922இல் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டது. பாரிஸ் மருத்துவர் ஜான் ஸ்டெர்ன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்து முடிவுகளை வெளியிட்டது 1957இல்.

பெருந்துறை அக்கா:
தம்பி, நீங்கள் கவலைப்பட வேண்டியது கிளைமிபிரைடைப் பற்றி. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. அதனோடு சர்க்கரையைக் குறைக்கும் இன்னொன்று சேர்ந்தால் அளவு தாழ்ந்துவிடலாம். எங்கள் அம்மாவும் யாரிடமும் சொல்லாமல் பாகற்காய்ச் சாறும் ஏதோ ஒரு பொடியும் சேர்த்து எடுத்து, விடியற்காலையில் உடல் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறிக் கிடந்தார். குளுக்கோமீட்டரில் 48 காட்டியது. 70க்குக் கீழ் வந்தாலே தாழ்சர்க்கரை. அவர் மயக்கத்துக்குப் போகாமல் இருந்ததால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து மீட்டோம்.

சித்த மருத்துவர் (ஈரோடு):
ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோஷ்டம், மருதம்பட்டை சேர்ந்த ஆவாரைக் குடிநீரை நானும் நீரிழிவுக்குக் கொடுக்கிறேன். கொடுக்கும்போது, நோயாளி ஏற்கெனவே எடுக்கும் மாத்திரைகளின் சீட்டை வாங்கிப் பார்ப்பேன். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி முடிவைப் பார்ப்பேன். சிறுநீரகப் பரிசோதனையும் கேட்பேன். மாத்திரையை எழுதிக்கொடுத்த மருத்துவருக்குத் தெரியாமல் ஒன்றையும் நிறுத்தச் சொன்னதில்லை. இன்சுலினை மட்டுமே நம்பியிருக்கும் முதல் வகை நோயாளிகளிடம் நிறுத்துவது என்ற பேச்சையே எடுக்கக்கூடாது. உங்கள் டப்பாவில் உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி ஆகியவை இருக்கின்றனவா?

கொறங்காட்டான்:
தொகுதி எண்ணும் தேதியும் இருக்கின்றன ஐயா, உரிம எண் இல்லை. டப்பாவை வாங்கி வைத்துவிட்டேன். வரும் வியாழக்கிழமை மருத்துவரிடம் அதையும், தினமும் குறித்துவரும் சர்க்கரை அளவு நோட்டையும் எடுத்துச் செல்கிறோம். பதினாறு கேப்சூல் கணக்கைக் கேட்டதும் அப்புச்சி சிறிது நேரம் பேசவில்லை; அதன் பிறகு, அந்த எலிக்கும் யாராவது வெல்லம் கொடுத்துப் பார்த்தார்களா என்று கேட்டார்.