கதையில் வரும் விஷக்கொடி: நம்பும்படி செய்வது எப்படி?

பாலாற்றுமணல்:
ஒரு மாயாஜாலத் தொடர்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். உலகம் கற்பனைதான், ஆனால் கோட்டையும் அகழியும் நம்ம வேலூர்க் கோட்டையைப் பார்த்து எழுதியது, அகழியில் முதலைகூட உண்டு. பின்னால் ஜவ்வாது மலை மாதிரி ஒரு மலை. அங்கே நீலக்கண்ணி என்று ஒரு கொடி, அதன் சாறு ஒரு சொட்டு பாலில் விழுந்தால் ராஜா காலி. நிறம், வாசனை, ருசி எதுவும் கிடையாது, மாற்று மருந்தும் கிடையாது. படித்துப் பார்த்த தம்பி, "இவ்வளவு சுலபம்னா வில்லன் ஏன் இத்தனை அத்தியாயம் சும்மா இருந்தான்?" என்கிறான். என்ன செய்யலாம்?

அமிர்திக்காடு:
தம்பி கேட்டது நியாயம். ருசியே இல்லை என்று வைத்ததுதான் கோளாறு. செடிகளில் இருக்கும் விஷம் பல கசக்கும், எட்டிக்காயைச் சொல்லவே வேண்டாம். கசக்கட்டும், அதை மறைக்க வில்லன் திண்டாடட்டும். அப்புறம், எந்தக் கொடியை ஆடு மோந்து பார்த்துவிட்டு விலகிப் போகிறது என்று அரண்மனை வைத்தியருக்கு முன்னால் மேய்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். துப்பு அங்கிருந்து வரட்டும். இன்னொன்று, நம் பக்கத்து மலையில் நிஜமாக இருக்கும் இலையின் பெயரைப் போடாதீர்கள், நீலக்கண்ணியே நல்ல பெயர்.

பட்டறைக்காரன்:
பாலை விட்டுவிட்டு அம்புக்கு வாங்க. தென் அமெரிக்கக் காடுகளில் வேட்டைக்கு அம்பு நுனியில் தடவும் கியூராரே என்று ஒன்று உண்டு, அதுவும் கொடியிலிருந்து வருவதுதான். அதில் விழுந்த மிருகத்தின் கறியைச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, ஆனால் ரத்தத்தில் கலந்தால் தசையெல்லாம் தளர்ந்து மூச்சு நின்றுவிடும், நினைவு மட்டும் தப்பாது, இதயமும் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டே இருக்கும். 1814இல் லண்டனில் ஒரு கழுதைக்கு இதை ஏற்றி, மூச்சு நின்றதும் தொண்டையில் துளை போட்டுத் துருத்தியால் காற்று ஊதிக்கொண்டே இருந்தார்கள். விஷம் இறங்கியதும் கழுதை எழுந்து நின்றது, அதற்குப் பிறகு பல வருஷம் உயிரோடும் இருந்தது. செய்தவர்களில் ஒருவர் சார்லஸ் வாட்டர்டன் என்ற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர். உங்கள் ராஜா செத்துவிட்டார் என்று எல்லோரும் அழும்போது கொல்லன் ஒருத்தன் துருத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தால் எப்படி இருக்கும்!

அமிர்திக்காடு:
நல்லாத்தான் இருக்கு அண்ணே, ஆனால் அதே விஷம் தடவிய அம்பில் விழுந்த மானை ராஜா ருசித்துச் சாப்பிடும் காட்சியை முன்னாடியே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைசி நேரத்தில் ஏதோ ஒப்பேற்றிய மாதிரி தெரியும்.

பாலாற்றுமணல்:
துருத்தியை எடுத்துக்கொள்கிறேன். ஒரு சந்தேகம்: விஷம் இறங்கும்வரை ஊத வேண்டும் என்றால் கொல்லன் தனியாகத் தாக்குப்பிடிப்பானா?

பட்டறைக்காரன்:
மாட்டான், நடுவில் நிறுத்தவும் முடியாது. கை மாற்ற இரண்டாவது ஆள் வேண்டும். அந்த ஆள் விஷம் வைத்தவனாகவே இருந்தால்? எல்லோர் முன்னாலும் மாட்டேன் என்று சொல்ல முடியாதே.