பர்மாவின் தேசிய தினம்: ஜனவரி 4ஆ, தசௌங்மோன் தேய்பிறை பத்தா?

செல்வம், தட்டோன்:
கோயில் காலண்டருக்குத் தமிழில் விடுமுறைப் பட்டியல் தயாராகிறது. கமிட்டியில் பாதிப்பேர் ஜனவரி 4தான் தேசிய தினம், உலகம் முழுக்க பர்மியத் தூதரகங்கள் விருந்து வைப்பதே அன்றைக்குத்தான் என்கிறார்கள். மீதிப்பேர் நவம்பரில் வரும் அமியோத்தா நேதான் (பர்மிய மொழியில் ‘தேசிய தினம்’) என்கிறார்கள். அதுவும் வருஷத்துக்கு வருஷம் தேதி மாறுகிறது. எதைப் போடுவது, தேதியை எப்படிக் கணக்கிடுவது?

காலண்டர்காரர், ரங்கூன்:
தம்பி, இரண்டையும் போடுங்கள், ஆனால் பெயரை மாற்றாதீர்கள். ஜனவரி 4 சுதந்திர தினம். 1948இல் விடிகாலை 4.20க்கு ஜோசியர்கள் குறித்த நேரத்தில் கொடி மாறிய நாள். தேசிய தினம் என்று அரசாங்கப் பட்டியலில் இருப்பது தசௌங்மோன் என்ற பர்மிய மாதத்தின் தேய்பிறை பத்தாம் நாள். ரங்கூன் பல்கலைக்கழகச் சட்டத்தை எதிர்த்து 1920 டிசம்பர் 5 அன்று மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்ததன் நினைவு அது. தேசியப் பள்ளிகள் முளைத்ததும் அந்தப் போராட்டத்திலிருந்துதான்.

கணக்கு சுலபம். அந்த மாதத்துப் பௌர்ணமித் திருவிழாவான தசௌங்டைங் தேதியோடு பத்தைக் கூட்டுங்கள். 2022இல் பௌர்ணமி நவம்பர் 7, தேசிய தினம் 17. 2023இல் நவம்பர் 27, ஆகவே டிசம்பர் 7. 2024இல் நவம்பர் 15, ஆகவே 25. தசௌங்மோன் 30 நாள் மாதம். வளர்பிறை 15, தேய்பிறை 15, நடுவில் நாள் எதுவும் விடுபடாது.

சறுக்குவது எங்கே என்றால், நம்மவர்கள் தமிழ்ப் பஞ்சாங்கத்தைப் பிரித்து ‘தேய்பிறை தசமி’ தேடுகிறார்கள். நம் திதி சூரியோதயத்தோடு ஒட்டியது, சில நாள் இரட்டிக்கும், சில நாள் காணாமலே போகும். பர்மியக் கணக்கு விடிந்தால் ஒரு நாள் என்று எண்ணுவது. 2022ஐயே பாருங்கள்: சந்திர கிரகணம் பிடித்த நிஜப் பௌர்ணமி நவம்பர் 8, பர்மியக் காலண்டர் பௌர்ணமி 7. தசமியை நம்பி அச்சடித்தவர் பிந்திப்போனார்.

மீனா, மோல்மேன்:
அண்ணே சொன்ன கணக்கு சரி. இன்னொரு பெரிய குழி இருக்கிறது. கார்த்திகை தீபத்துப் பௌர்ணமிதான் தசௌங்டைங் என்று எண்ணுபவர்கள் ஏராளம். 2023இல் இரண்டும் ஒட்டி வந்ததால் அந்த எண்ணம் பலப்பட்டுவிட்டது. 2022இல் தீபம் டிசம்பர் 6, தசௌங்டைங் நவம்பர் 7. ஒரு மாதம் தள்ளிப்போகும்! தீபாவளி அமாவாசைக்குப் பிறகு வரும் முதல் பௌர்ணமி என்று பார்த்தால் பெரும்பாலும் கிட்டத்தில் நிற்கும், அதையும் அச்சுக்கு ஆதாரமாக வைக்க வேண்டாம். பர்மியக் காலண்டரில் 19 வருஷத்துக்கு ஏழு முறை இரண்டாம் வாசோ மாதம் சேர்கிறது. நம் அதிக மாசம் வெவ்வேறு மாதங்களில் விழும், இவர்களுக்கு எப்போதும் வாசோவில்தான். எந்த வருஷத்தில் சேர்ப்பது என்பதிலும் இருவர் கணக்கும் எப்போதும் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. அரசாங்க விடுமுறை அறிவிப்பு வரும்வரை அந்தத் தாளை அச்சுக்கு விடாதீர்கள்.

மோன் மாநிலத்து மோல்மேன், தட்டோன் பக்கம் என்றால் ‘தேசிய தினம்’ என்று மொட்டையாகவும் போடக்கூடாது. மோன் தேசிய தினம் தனி, தபோட்வே என்ற பர்மிய மாதத்தின் தேய்பிறை ஒன்று. சின் தேசிய தினம் பிப்ரவரி 20. ‘மியன்மார் தேசிய தினம்’ என்றோ ‘அமியோத்தா நே’ என்றோ முழுதாகப் போடுங்கள்.

முத்தையா, ரங்கூன்:
பெயர் அரசாங்கம் வைத்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாடு பிறந்த நாள் எது என்று கேட்டால் ஜனவரி 4தான். லண்டன் நாடாளுமன்றச் சட்டத்திலேயே அந்தத் தேதி எழுதியிருக்கிறது. 1920இல் நடந்தது ஒரு சட்டத்துக்கு எதிரான வேலைநிறுத்தம். ஷான், கச்சின், சின் தலைவர்கள் பாங்லோங் ஊரில் ஒன்றிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட 1947 பிப்ரவரி 12ஐ, அதாவது யூனியன் தினத்தை, தேசிய தினம் என்றாலாவது பொருத்தம் இருக்கும். அப்படியே 1920ஐத்தான் கொண்டாடுவது என்றால் டிசம்பர் 5 என்று நிறுத்திவிட்டால் இந்தக் கூட்டல் கழித்தலே வேண்டாமே?

காலண்டர்காரர், ரங்கூன்:
ஐயா, பாங்லோங்கில் கரேன் தரப்பு கையெழுத்திடவில்லை, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். யூனியன் தினம் என்ற பெயரே அதற்குப் போதும். டிசம்பர் 5 என்று நிறுத்தினால் நமக்கு வசதி, வாஸ்தவம். ஆனால் வெள்ளைக்காரன் சட்டத்தை எதிர்த்த நாளை அவன் காலண்டரில் கட்டிப்போடுவது எனக்கு உவப்பாக இல்லை. சுதந்திர தினத்துக்கும் பர்மியத் தேதி உண்டு, பர்மிய வருஷம் 1309, பியாதோ மாதத் தேய்பிறை ஒன்பது. அதை யாரும் பின்பற்றவில்லை, அது வேறு விஷயம்.

செல்வத்துக்கு ஒரு சரிபார்ப்பு. எத்தனையாவது தேசிய தினம் என்று போடுவதானால் பர்மிய வருஷத்திலிருந்து 1282ஐக் கழியுங்கள். 2022 நவம்பர் என்றால் பர்மிய வருஷம் 1384, ஆக 102. ஆங்கில வருஷத்தில் 1920ஐக் கழித்தாலும் அதே எண் வர வேண்டும். வராவிட்டால் பர்மிய வருஷத்தில் தப்பு: ஏப்ரலில் வரும் பர்மியப் புத்தாண்டான திஞ்ஞானுக்குப் பிறகு 638ஐக் கழிக்க வேண்டும், அதற்கு முன் 639.

செல்வம், தட்டோன்:
சரிங்க ஐயா. ஜனவரி 4 ‘சுதந்திர தினம்’, பிப்ரவரி 12 ‘யூனியன் தினம்’, தசௌங்மோன் தாளில் ‘அமியோத்தா நே (மியன்மார் தேசிய தினம்)’. மோன் தினம் தனி வரி. நவம்பர், டிசம்பர் தாள்களை மட்டும் அறிவிப்பு வரும்வரை பிரஸ்ஸில் நிறுத்திவைக்கச் சொல்கிறேன்.

மீனா, மோல்மேன்:
தபோட்வே பிப்ரவரியை ஒட்டி வரும், அந்தத் தாளையும் சேர்த்து நிறுத்துங்கள்.